இடம் கிடைத்த பிறகு என்ன நடந்தது?

இது நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள். வரலாறு சொல்லிக் கொடுத்தவனுக்குச் சுருக்கமாக எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போயிருக்கும் என் தங்கையின் பேத்தி போன வாரம் போன் செய்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிறவெறி பற்றி ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள். கருப்பின மாணவர்கள் வளாகங்களில் எப்படி நடத்தப்பட்டார்கள், இன்று அவர்கள் நிம்மதியாகப் படிக்க மற்றவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதுதான் பாடம். "நம்ம ஊர் காலேஜ்ல இந்தப் பிரச்சினை இல்லையே தாத்தா, எனக்கு எதுக்கு இது?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அவளுக்காகத் தொடங்கிய பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதிவிட்டேன்.

கல்வி வரலாறு படிக்கும்போது நாம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறோம். எந்த ஆண்டு யாருக்குப் பள்ளிக்கூடம் திறந்தது, எந்த ஆண்டு யாருக்கு இடஒதுக்கீடு வந்தது என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். தேர்விலும் அதைத்தான் கேட்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். உள்ளே போன பிள்ளை எங்கே உட்கார்ந்தது, எந்தப் பானையில் தண்ணீர் குடித்தது, யார் பக்கத்தில் சாப்பிட்டது, விடுதியில் எந்த அறையில் படுத்தது என்பதும் வரலாறுதான். படிப்பை முடித்தவர் யார், பாதியில் போனவர் யார் என்பதைப் பெரும்பாலும் அந்த இரண்டாவது வரலாறுதான் தீர்மானித்தது.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். திருத்தணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முருகன் மலையும் 365 படிகளும் நினைவுக்கு வரும். வாத்தியார்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த ஊர் இது. வசதியில்லாத குடும்பம். இங்கும் திருப்பதியிலும் வேலூரிலும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பெரும்பாலும் உதவித்தொகையிலேயே படித்து மேலே வந்தவர்.

அவருக்கு மூன்று ஆண்டு பின்னால், 1891இல் பிறந்தவர் டாக்டர் அம்பேத்கர். அவரும் உதவித்தொகையில் படித்தவர். பரோடா மன்னர் கொடுத்த உதவியில் 1913இல் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இருவரும் அறிவில் மலைகள். இருவரும் ஒரே ஆண்டில், 1918இல், கல்லூரிப் பேராசிரியர் பதவிக்கு வந்தார்கள். ராதாகிருஷ்ணன் மைசூரில் தத்துவம். அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரம்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். ராதாகிருஷ்ணன் 1921இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூ அலங்காரம் செய்த வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு ரயில் நிலையம் வரை போனார்கள். ஆசிரியர் தினம்தோறும் நாம் சொல்லும் கதைதான். சிடன்ஹாமிலும் மாணவர்களுக்கு அம்பேத்கரின் பாடம் பிடித்திருந்தது. ஆனால் ஆசிரியர் அறையில் இருந்த பொதுத் தண்ணீர்ப் பானையில் அவர் குடிக்கக்கூடாது என்று உடன் பணிபுரிந்த பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். வெளிநாட்டில் படித்து வந்த பேராசிரியருக்கே பானை விலக்கு! ராதாகிருஷ்ணனின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரே காலத்தில், ஒரே தொழிலில், இரண்டு பேருக்குக் கல்லூரி என்ற இடம் எவ்வளவு வேறாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அம்பேத்கருக்கு இது புதிதல்ல. சாதாராவில் பள்ளியில் படித்தபோது மூலையில் கோணிப்பை போட்டுத்தான் உட்கார வேண்டும். அந்தக் கோணியையும் வீட்டிலிருந்து எடுத்துவந்து திரும்ப எடுத்துப்போக வேண்டும். குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பள்ளியில் சேர்க்கை கிடைத்துவிட்டது, தண்ணீர் கிடைக்கவில்லை.

கொலம்பியாவில் அவர் முதல்முறையாக எல்லோருடனும் ஒரே மேசையில் சாப்பிட்டார். அங்கே கிடைத்த நவல் பதேனா என்ற பார்சி நண்பர் வாழ்நாள் முழுவதும் உடன் நின்றார். இதைக் கேட்டால் அமெரிக்க வளாகம் சொர்க்கம் என்று தோன்றும். அது பாதி உண்மைதான். அம்பேத்கர் அங்கிருந்து கிளம்பியது 1916இல். எட்டே ஆண்டுகள் கழித்து, 1924இல், அதே கொலம்பியாவில் சட்டம் படித்த ஃபிரெடரிக் வெல்ஸ் என்ற கருப்பின மாணவர் விடுதியில் தங்கியதைப் பொறுக்காமல், அந்த விடுதிக்கு எதிரே சிலுவையை நட்டுக் கொளுத்தினார்கள். வெள்ளை இனவெறியர்கள் கருப்பினத்தவரை மிரட்டும் முறை அது. வெல்ஸ் விடுதியைக் காலி செய்ய மறுத்துவிட்டார். ஒரே வளாகம், ஒருவருக்குத் திறந்த வெளியாகவும் மற்றவருக்கு நெருப்பாகவும் இருந்திருக்கிறது. நமக்கு இதமாக இருக்கும் இடம் எல்லோருக்கும் இதமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் பேத்திக்கு அந்த வகுப்பு.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தத் தொடங்கினார். தேசபக்திக் கல்வி, தாய்மொழிக் கல்வி, உடலுழைப்பு என்று நல்ல நோக்கங்கள். காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் நன்கொடையும் அதில் சேர்ந்தன. அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் அந்த ஏற்பாடு என்று விளக்கம் சொன்னார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைப் பெரிய கேள்வியாக்கினார்கள். இரண்டு பிள்ளைகள் தனியாகச் சாப்பிட்டதற்கு இவ்வளவு ரகளையா என்று அன்று பலர் கேட்டிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அந்தப் பந்தியைத் தினமும் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம். வகுப்பில் சமத்துவம் கற்பித்துவிட்டுச் சாப்பாட்டு மணி அடித்ததும் வேறொரு பாடம் நடத்தினால், பிள்ளை எதை நம்பும்? 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கு மாறியதில் ஒரு பள்ளி விடுதியின் பந்திக்கும் பங்கு உண்டு.

இந்தச் சண்டை தொடங்குவதற்கு முன்பே, சத்தமில்லாமல் வேறொருவர் வேறொரு வழியைக் கண்டிருந்தார். பழைய வட ஆற்காட்டில் ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். கோயிலுக்குள் விடமாட்டோம் என்று நந்தனாரிடம் சொன்ன ஊரில், அவர் பெயரிலேயே பள்ளிக்கூடம்! பாடத்தோடு சோறும் படுக்க இடமும் கொடுத்தால்தான் சேரிப் பிள்ளை படிப்பில் நிலைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் ஆல்காட் 1894இலேயே அடையாற்றில் இலவசப் பள்ளி திறந்தார். சட்டசபைக்குள் போன எம்.சி. ராஜா தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் கல்விக்காக விடாமல் குரல் கொடுத்தார். சைதாப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் அரசு விடுதி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிருந்து ரயிலேறிச் சென்னை போய்ப் படித்தவர்களுக்கு அது போன்ற ஒரு கட்டிலும் மூன்று வேளைச் சோறும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

சுதந்திரம் வந்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் நம் மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்து, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமே வந்தது. இடம் பற்றிய போராட்டத்தில் நம் மாநிலம் முன்னே நின்றது. அது பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவிலும் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. 1957இல் லிட்டில் ராக் என்ற ஊரின் உயர்நிலைப்பள்ளிக்குள் ஒன்பது கருப்பினப் பிள்ளைகள் ராணுவக் காவலோடு போனார்கள். அந்தப் படத்தைப் பாடநூல்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பிறகான மாதங்களைப் படம் சொல்லாது. நடைபாதையில் இடித்தார்கள், துப்பினார்கள், சாப்பாட்டு அறையில் வம்பிழுத்தார்கள். ஒன்பது பேரில் மின்னிஜீன் பிரவுன் என்ற பெண் திருப்பிக் கொடுத்ததற்காக அந்தக் கல்வியாண்டிலேயே வெளியேற்றப்பட்டாள். 1962இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜேம்ஸ் மெரிடித் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர்கள் எழுந்து போவார்களாம். இரவில் தூங்கவிடாமல் அவர் அறைக்கு மேல்தளத்தில் பந்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்களாம். ராணுவத்தால் வாசலைத் திறக்க முடிந்தது. பக்கத்தில் உட்கார ஆளை உட்கார வைக்க ராணுவத்தால் முடியவில்லை.

அதனால்தான் 1968இல் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கருப்பின மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் சேர்க்கையோடு நிற்கவில்லை. எங்கள் வரலாற்றைப் பாடமாக வையுங்கள், எங்களவர்களை ஆசிரியர்களாக நியமியுங்கள் என்றும் கேட்டார்கள். மற்ற இனத்து மாணவர்களும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ ஐந்து மாதம் நடந்தது அது. இன்று பேத்தி உட்காரும் வகுப்புக்கு வேர் அங்கே இருக்கிறது.

மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்தபோது நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அவரை அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு தன் மக்கள் வாழும் வாழ்க்கையை யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அதுதான் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். 1946இலேயே அம்பேத்கர், கருப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைக் குறிப்பிட்டிருந்தார். நிறமும் சாதியும் ஒன்றல்ல, தோன்றிய விதம் வேறு. ஆனால் வகுப்பில் தனியாக உட்கார வைக்கப்பட்ட பிள்ளையின் மனசு எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

"அதெல்லாம் அந்தக் காலம் சார்" என்று சிலர் சொல்வீர்கள். இந்தக் காலத்துக்கும் வருகிறேன்.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியலின மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு விசாரித்து 2007இல் அறிக்கை கொடுத்தது. விடுதியில் தொல்லை தாங்காமல் அந்த மாணவர்கள் குறிப்பிட்ட தளங்களுக்குக் குடிமாறி ஒன்றாக ஒதுங்கியிருந்ததை அது பதிவு செய்தது. உணவுக்கூடத்திலும் விளையாட்டிலும் ஒதுக்கல் இருந்ததையும் சொன்னது. நாட்டின் முதல்தர மருத்துவக் கல்லூரியில், சுவர் எழுப்பாமலே ஒரு சேரி உருவாகியிருந்தது.

2016 ஜனவரி 17. ஹைதராபாத் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன் பல மாதங்களாக அவருக்கு உதவித்தொகை வரவில்லை. அவரும் நண்பர்கள் நால்வரும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அந்தக் கூடாரத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும், ஆனாலும் சொல்கிறேன்: ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள். 2019இல் மும்பையில் பழங்குடி இனத்தைச் சேர்ந்த இளம் மருத்துவர் பாயல் தாட்வி, உடன் பணிபுரிந்தவர்களின் ஏச்சுக்கு ஆளானதாகச் சொல்லப்பட்ட நிலையில் உயிரை விட்டார். அந்த ஆண்டு ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்களுக்கு நடந்தது இன்னொரு தாய்க்கு நடக்கக்கூடாது, வளாகப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான் கோரிக்கை.

அந்த விதிகள் 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டவை. ஒவ்வொரு கல்லூரியிலும் சமவாய்ப்புப் பிரிவு இருக்கவேண்டும், பாகுபாடு பற்றிய புகாரைக் கேட்க ஓர் அதிகாரி இருக்கவேண்டும் என்று அவை சொல்கின்றன. மானியக் குழு பிறந்தது எதனால் தெரியுமா? 1948-49இல் நம் ஊர் ராதாகிருஷ்ணன் தலைமையில் இருந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் பரிந்துரையால். ஆகவே அந்த விதிகளைக் கேட்டுப் பெறுவதும், உங்கள் கல்லூரியில் அந்த அதிகாரி யார் என்று விசாரிப்பதும், திருத்தணிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை என்றே சொல்வேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவர்கள் தந்த தொல்லையைப் பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்தது. மருத்துவமனையில் கிடந்து மீண்ட அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 வாங்கினான். அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறுகள் வேண்டாம், வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வையுங்கள், பள்ளிப் பெயர்களில் சாதி அடைமொழியை எடுங்கள், மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் போடுங்கள் என்று பல பரிந்துரைகள். 2025 ஜூலையில் அரசு விடுதிகள் எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பொதுப்பெயர் வைக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறினால் போதுமா என்று கேட்டால் போதாதுதான். ஆனால் "எங்கே தங்கியிருக்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கிய பிள்ளைகளைப் பார்த்தவன் நான். பெயரும் ஒரு சுமைதான்.

பணியில் நான் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், உதவித்தொகைப் படிவம் வந்தால் அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று, "எஸ்.சி., எஸ்.டி. பசங்கல்லாம் எழுந்திருங்க" என்பார். அதுவரை யார் என்ன சாதி என்று தெரியாத பிள்ளைகளுக்கும் அந்த நிமிடம் தெரிந்துவிடும். சில பையன்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள், பணம் போனாலும் பரவாயில்லை என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். அங்கிருந்த மூத்த கணக்கு ஆசிரியர் ஒருவர் அதை நிறுத்தினார். பட்டியலைத் தானே வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராக வேறு வேறு வேலை சொல்லி ஆசிரியர் அறைக்கு அழைத்துக் கையெழுத்து வாங்கினார். அரசாணை கிடையாது, செலவும் கிடையாது. அந்த ஆண்டு விண்ணப்பிக்காத பையன் ஒருவன்கூட இல்லை. பிள்ளைகளின் மனநலம் என்று இன்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்களே, அதை நான் கற்றது அவரிடம்தான்.

எல்லை ஊர்க்காரர்களான நமக்கு இது புரியாமல் போகாது. 1960 ஏப்ரல் 1 வரை நாம் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுத் தமிழ் வழியில் படிக்க வந்த பிள்ளைகளைச் சென்னையில் 'கொல்ட்டி' என்று கேலி செய்ததை உங்களில் எத்தனை பேர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறீர்கள்! ஒரு வார்த்தைக்கே அவ்வளவு வலித்தது. பிறப்பிலிருந்து சாகும்வரை கூடவே வரும் வார்த்தை எப்படி வலிக்கும் என்று அதை வைத்து அளந்துகொள்ளலாம்.

அயல்நாட்டில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022இல், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகமும் தங்கள் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. அதாவது நாம் கப்பலேறியபோது அதுவும் நம் பெட்டிக்குள் வந்திருக்கிறது. அங்கே நம் நிறத்தைப் பார்த்து யாராவது ஒதுக்கினால் நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். அதே கோபம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் "அவங்க என்ன ஆளுங்க?" என்று யாராவது கேட்கும்போதும் வரவேண்டும். கருப்பினத் தோழியின் தலைமுடியைப் பற்றியோ தோலைப் பற்றியோ நம் வீட்டில் சாதாரணமாக வரும் பேச்சையும் அங்கேயே நிறுத்தவேண்டும்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது மூன்று இடங்களை மட்டும் கவனியுங்கள்: தண்ணீர்க் குழாய், மதிய உணவு வரிசை, கடைசி பெஞ்ச். கல்லூரியில் பிள்ளை படிக்கும் பெற்றோர்களே, மதிப்பெண் கேட்கும் முன் "யாரோட சாப்பிடறே?" என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிடுகிறேன் என்று பதில் வந்தால் அடுத்த பஸ் பிடித்துப் போய்ப் பாருங்கள். தன்னோடு சாப்பிட ஆள் இருக்கிறது என்று சொன்னால், தனியாகச் சாப்பிடுகிற பிள்ளை யாரென்று பார்த்து அழைத்து உட்கார வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பள்ளி, விடுதி நாட்களில் உங்களுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தவர் யார் என்று நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். இப்படிப்பட்டவர்களின் வரலாற்றை எந்தப் பாடநூலும் எழுதாது, நாம்தான் எழுதவேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள். தணிகை முருகன் துணை.